நிலாவில் வேர்வாடல்

"இந்த ஊட்டுல இனிமே எவனாவது அந்தப் படத்தைப் பத்திப் பேசுனா, நான் சோறு திங்க மாட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் இட்லியோடு பூபதிராஜா இந்தச் சபதத்தைச் செய்தார். வீட்டில் அவரையும் மனைவி யோகப்பிரியாவையும் தவிர யாருமில்லை. ஆகவே 'எவனாவது' என்ற சொல் யாரையும் குறிக்கவில்லை. யோகப்பிரியாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

"சோறு மத்தியானந்தானுங்க. இப்ப இன்னோரு இட்லி வெக்கட்டுங்களா?"

"வை."

படத்தின் பெயர் 'தேய்பிறை நிலையம்'. நிலாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதில் அதியன் என்று ஒரு கேப்டன், குமுதினி என்று ஒரு டாக்டர், ஆக்சிஜன் கசியும் ஒரு தொட்டி. பொள்ளாச்சியில் படம் போட்ட நாளிலிருந்து, கேரள எல்லையிலிருக்கும் இவர்கள் ஊரான கோபாலபுரத்தின் செக்போஸ்ட் வழியாகக் கேரளத்துக்குள் வந்த காய்கறியைவிட, தமிழ்நாட்டுக்குள் போன ஜனம்தான் அதிகம். யோகப்பிரியாவும் போனாள், இரண்டு தடவை. முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை ஏசிக்காக.

பூபதிராஜா போகவில்லை. ஒரு பழைய தமிழ் நாவலைத் தழுவி எடுத்த படம் என்று போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பெரிய போஸ்டரில் அவர் படித்தது அந்தப் பொடி எழுத்தை மட்டும்தான்.

"நாவலைப் படிக்காம படத்தைப் பாக்கறவன், பந்தியில பாயசத்தை மட்டும் குடிச்சுப்போட்டு எந்திரிக்கறவன் மாதிரி, அம்மணி."

"பாயசம் நல்லா இருந்துச்சுங்களே."

இந்த மாதிரிப் பதில்களிலிருந்து தப்பிப்பதற்காகவே அவர் முன்னறையை வைத்திருந்தார். வாசலுக்கு நேரே, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த அறை. வீட்டுக்கு வருகிற காற்று முதலில் அங்கே வந்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகும். சுவரெல்லாம் புத்தகம். நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. நாற்காலியில் அவர். தோப்பு அவர் பெயரில் இருந்தது, ஆனால் அதில் எத்தனை மரம் காய்க்கிறது என்பது யோகப்பிரியாவுக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தென்னை சங்க இலக்கியத்தில் எங்கெங்கே வருகிறது என்பதுதான்.

அந்த அறையின் மேல் யோகப்பிரியாவுக்கும் ஒரு கண் இருந்தது. அவளும், பக்கத்துத் தோட்டத்து இந்துவும், வாய்க்கால் ஓரத்து வீட்டுக் காளியாத்தாளும் சேர்ந்து, குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்ற மகளிர் குழுவின் பேரில் ஒரு பைண்டிங் யூனிட் தொடங்கியிருந்தார்கள். போன மழைக்கு வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், கரையான் ஏறி, தமிழ் அலமாரியை நாசம் பண்ணிவிட்டது. அந்தப் புத்தகங்களையெல்லாம் பிரித்து, தைத்து, பசை தடவி, அட்டை போட்டுத் தருகிற வேலை இவர்களுக்குக் கிடைத்தது. வேலை நடந்த இடம் மாட்டுச்சாளை.

"முன் ரூமைக் குடுங்கன்னு எத்தனை நாளாக் கேக்கறனுங்க. சாளையில வெச்சுச் செய்ய முடியறதில்லீங்க. பசைக்கு மயில்துத்தம் கலக்கறதுக்குள்ள செவலை வந்து ஒரு கட்டுக் காயிதத்தைப் பசையோட நக்கித் தின்னு போட்டுதுங்க."

"எந்தப் புஸ்தகம்?"

"மாட்டுக்கிட்டக் கேக்கோணுமுங்க."

"பாரு அம்மணி, அது இலக்கியம் இருக்கற ரூமு. நீங்க செய்யறது ஒட்டு வேலை. இலக்கியத்துக்குக் காத்து வேணும். பசைக்குக் காத்துப் பட்டாக் காஞ்சு போயிரும்."

பசை காயத்தான் வேண்டும் என்பதை யோகப்பிரியா சொல்லவில்லை. அவரிடம் சொல்லக்கூடிய விஷயங்கள், சொல்லிப் பயனில்லாத விஷயங்கள் என்று இருவகை உண்டு. கல்யாணமான முதல் வருஷமே அவள் அவற்றைத் தரம் பிரித்துவிட்டாள்.

அன்று மாலையே பூபதிராஜா வாயனசாலைக்குப் போனார். அங்கே லைப்ரேரியன் ஜோமோன். தேவிகுளத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயக் குடியிருப்பில் வளர்ந்து, கோபாலபுரத்தில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவர். எல்லாப் புத்தகத்தின் முதுகையும் படித்தவர். வயிற்றைப் படித்ததில்லை.

"வாங்கண்ணே! உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். 'தேய்பிறை நிலையம்'. ஒரே ஒரு காப்பிதான் இருக்கு. பைண்டிங் முடிஞ்சு நேத்துத்தான் வந்துச்சு. அட்டையைப் பாருங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குல்ல?"

பூபதிராஜா அட்டையைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்க்கிறவர்கள் படம் பார்க்கிறவர்கள்.

மறுநாள் காலை சாய்வு நாற்காலியில் சாய்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார். முதல் வரியிலேயே கேப்டன் அதியன் செத்துப்போனான்.

'சபாஷ்' என்றார் பூபதிராஜா.

நாலு பக்கம் தள்ளி அதியன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். அதற்கடுத்து அவனுடைய மகளுக்குக் காதுகுத்து. அதற்கும் அடுத்து, நிலாவுக்குப் போகலாமா வேண்டாமா என்று அதியன் தன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா வேண்டாம் என்றார். பக்கத்தைத் திருப்பினால் அதியன் நிலாவிலிருந்து இறங்கிவந்து கொண்டிருந்தான்.

பூபதிராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்க எண்ணைப் பார்த்தார். பக்க எண்ணே இல்லை. எல்லாத் தாளிலும் மேல் மூலை இருக்கவேண்டிய இடத்தில் மூலை இல்லை. தாளின் நடுவில் ஒரு துளை. முதல் பக்கத்தில் எட்டணா அளவு. போகப்போகச் சிறுத்து, கடைசிப் பக்கத்தில் கடுகளவு.

மத்தியானம் வரைக்கும் படித்தார். ஒன்றும் புரியவில்லை. சாதாரண வாசகனாக இருந்தால் 'என்ன எழவு இது' என்று மூடி வைத்திருப்பான். பூபதிராஜா சாதாரண வாசகர் இல்லை. தனக்கே புரியாத ஒரு புத்தகம் மகத்தானதாகத்தான் இருக்க முடியும் என்று முடிவு செய்தார்.

உச்சக்கட்டம் நடுவில் வந்தது. நிலையத்தில் இருள். ஆக்சிஜன் கசிகிறது. டாக்டர் குமுதினி அதியனின் கையைப் பற்றிக்கொண்டு, கண்கள் கலங்க, அவன் காதருகே மெல்லச் சொன்னாள்:

பக்கத்தைத் திருப்பினார்.

'காய்ப்புக் குறைந்து வேர்வாடல் முற்றிய மரங்களைத் தாமதியாமல் வெட்டி அகற்றிவிட வேண்டும். எஞ்சிய மரங்களுக்கு வேப்பம் பிண்ணாக்கும் பசுந்தாள் உரமும் இடுக.'

பூபதிராஜா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். உடம்பு புல்லரித்தது. என்ன ஒரு காதல் மொழி!

சாப்பிடும்போது யோகப்பிரியா கேட்டாள்: "புஸ்தகம் எப்படீங்க இருக்குது?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. யோகப்பிரியா கொழிஞ்சாம்பாறையில் மலையாளம் மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசினால் வண்டி ஓடும். படிக்கச் சொன்னால் எழுத்துக்கு எழுத்து நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். இந்துவும் அப்படித்தான். காளியாத்தாள் எந்த மீடியத்திலும் படித்ததில்லை.

"சும்மா சொல்லுங்க, கேக்கறேன். படத்துல அதியன் மொதல்ல நிலாவுக்குப் போறாரு."

"அதெல்லாம் படத்துல. புஸ்தகத்துல மொதல் வரியில சாகறான்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "சாகறாருங்களா? அப்பறம்?"

"அப்பறம் செரைச்சுக்கறான்."

"செத்த பொறகுங்களா?"

"காலம்ங்கறது நேர்கோடு இல்ல அம்மணி. அதுதான் நாவலோட அடிநாதம். மகளுக்குக் காது குத்தறான், பொறகு கல்யாணம் பண்ணிக்கறான், பொறகு இஸ்கூலுக்குப் போறான்."

யோகப்பிரியா ரசத்தை அவர் இலையில் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு மேசையில் ஊற்றினாள். "குமுதினி என்னுங்க சொல்றா?"

"அவதான் உச்சம்! அவன் கையைப் புடிச்சுக்கிட்டு, வேர்வாடல் வந்த தென்னைய வெட்டி எறியோணும்ங்கறா. நிலாவுல! தென்னையே இல்லாத எடத்துல! மண்ணை விட்டுப் போன மனுசனோட வேரு வாடிப் போச்சுன்னு அர்த்தம். இதைப் படத்துல எடுக்க எவனுக்குத் தைரியம் வரும்?"

"படத்துல அந்த எடத்துல ஒரு பாட்டுங்க."

"பாத்தியா!"

யோகப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து அடுக்களைக்குள் போனாள். இருமுகிறாள் என்று பூபதிராஜா நினைத்தார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் சாளையிலிருந்தும் மூன்று குரலில் இருமல் கேட்டது. சீசன் மாறுகிறது, எல்லாருக்கும் சளி என்று அவர் கை கழுவினார்.

மறுநாள் பக்கத்துத் தோப்புச் செங்கோட்டையன் வந்தார். விவசாயத்தில் சந்தேகம் வந்தால் பூபதிராஜாவிடம் வருகிற ஒரே மனிதர். அவர் தோப்பு அப்படித்தான் இருக்கும்.

"மாப்பள, வாயனசாலையில தென்னை நோயைப் பத்தி ஒரு புஸ்தகம் எடுத்தனுங்க. நல்லாத்தான் போச்சு. நடுவுல, 'ஆக்சிஜன் அளவு பாதிக்குக் கீழ போனா அலாரத்தை அழுத்திட்டு எல்லாரும் கவச உடை போட்டுக்கோணும்'ங்குது. மரத்துக்கு ஆக்சிஜன் எதுல பாக்கறதுங்க?"

"அதெல்லாம் நவீன வேளாண்மை மாமா. வெளிநாட்டுல அப்படித்தான் பண்றாங்க."

"கவச உடை?"

"பூச்சிமருந்து அடிக்கறப்பப் போட மாட்டாங்களா?"

செங்கோட்டையன் தெளிவடைந்து எழுந்தார். போகிற போக்கில் நாவலைப் பார்த்துவிட்டு நின்றார். "அட, இதை வாரப் பத்திரிகையில தொடராப் படிச்சிருக்கறேன், சின்ன வயசுல. கேப்டன் கடைசிலதான சாகக் கெடப்பாரு?"

"மொதல் வரியில சாகறாரு, மாமா."

"அப்படிங்களா?" செங்கோட்டையன் தலையைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஞாபகம் கொழம்பிப் போச்சாட்ட இருக்குது. சக்கரை பாக்கோணும்."

யோகப்பிரியா இதையெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். செங்கோட்டையன் போனதும் கீரையைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, வாயனசாலையில வார ஞாயித்துக்கெழம சர்ச்ச வெக்கறாங்களாம். 'தேய்பிறை நிலையம்: புஸ்தகமா, படமா?' ஜோமோன் ஆள் தேடீட்டிருக்கறாரு."

மலையாளத்தில் சர்ச்ச என்றால் கலந்துரையாடல். தமிழில் சர்ச்சை என்றால் சண்டை. கோபாலபுரத்தில் இரண்டுக்கும் ஒரே பெஞ்சு, ஒரே மைக்.

"புஸ்தகத்துக்கு நான் பேசறேன். படத்துக்கு எந்த மடையன்?"

"நாந்தானுங்க."

பூபதிராஜா சிரித்தார். நல்ல மனதோடுதான் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. ஒரு பந்தயம் வெச்சுக்கலாமுங்க. ஜனம் புஸ்தகந்தான் ஒசத்தின்னு கை தூக்குனா, முன் ரூமை நான் இனி சென்மத்துக்கும் கேக்க மாட்டேன். படந்தான் ஒசத்தின்னா, ரூமு எங்க யூனிட்டுக்கு."

அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நாற்காலி, ஜன்னல், இரண்டு பக்கக் காற்று, இருபது வருஷத்துச் சாய்வு. பிறகு நாவலைத் தொட்டுப் பார்த்தார். யாருக்கும் புரியாத அதன் கனம் கையில் தெரிந்தது. தைரியம் வந்தது.

"சத்தியமா?"

"சத்தியமாங்க."

ஞாயிற்றுக்கிழமை வாயனசாலைக் கூடம் நிரம்பி வழிந்தது. புருஷனும் பொண்டாட்டியும் மேடையில் மோதுகிறார்கள் என்றால், நிலாவாவது தேய்பிறையாவது, நல்லேப்பிள்ளியிலிருந்துகூட ஆள் வரும். ஜோமோன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அந்த இடம் பாதுகாப்பானதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முதலில் யோகப்பிரியா.

"எனக்குப் பெருசாப் பேசத் தெரியாதுங்க. படம் புரிஞ்சுதுங்க. அதியன் பொறக்கறாரு, வளர்றாரு, நிலாவுக்குப் போறாரு, குமுதினியக் கட்டிக்கறாரு, தொட்டி ஓட்டையாகுது. கடைசில கதவைத் திறக்கறாரு. அங்க என்ன இருக்குதுன்னு சொல்ல மாட்டனுங்க. பாக்காதவுங்க ஒருத்தரு மேடையிலயே இருக்கறாங்க."

கூடம் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். பூபதிராஜா எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். நாவலை உயர்த்திப் பிடித்தார்.

"நண்பர்களே! என் எதிரணித் தோழி, படம் புரிந்தது என்றார். அதுதான் படத்தின் தோல்வி!"

முன்வரிசை நிமிர்ந்தது.

"பிறந்தான், வளர்ந்தான், போனான் என்று சொல்வதற்கு ஒரு கலைஞன் எதற்கு? அதை ரேஷன் கார்டே சொல்லும்! இந்த நாவல் சாவில் தொடங்குகிறது. சவரத்துக்கு நகர்கிறது. இதில் பக்க எண் இல்லை. ஏன்? காலத்துக்கு எண் போடமுடியாது என்பதால், எண் இருக்க வேண்டிய மூலையையே நீக்கிவிட்டார்கள். இதோ, ஒவ்வொரு தாளிலும் ஒரு துளை. பக்கம் புரளப்புரள அந்தத் துளை தேய்கிறது பாருங்கள். புத்தகத்தின் பெயர் என்ன? தேய்பிறை! உலகத்தில் எந்தப் பதிப்பகம் இவ்வளவு சிரத்தை எடுத்திருக்கிறது?"

பின்வரிசையில் இந்துவுக்கு மறுபடியும் இருமல் வந்தது. காளியாத்தாள் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பூபதிராஜா தென்னைக்கு வந்தார். குமுதினியின் வாசகத்தை மனப்பாடமாகச் சொன்னார். "வேப்பம் பிண்ணாக்கும் பசுந்தாள் உரமும் இடுக" என்று அவர் தழுதழுத்தபோது, தோப்பு வைத்திருந்த ஆண்கள் பலர் தலையசைத்தார்கள். அந்த வாசகத்தில் அவர்களுக்கும் உடன்பாடு இருந்தது. "இந்த நாவல் முடிவதே இல்லை. 'அதியன் கதவைத் திறந்தான். அங்கே'... அவ்வளவுதான்! அங்கே என்ன? அங்கே நீங்கள்! அங்கே நான்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ள ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. செங்கோட்டையன் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "சின்ன வயசுல ஒண்ணுமே தெரியாமப் படிச்சிருக்கறேன்" என்று வருத்தப்பட்டார்.

"கேள்வி இருந்தாக் கேக்கலாம்" என்றார் ஜோமோன்.

காளியாத்தாள் எழுந்தாள். மைக் தேவைப்படாத குரல்.

"ஏனுங்க, இத்தனை நேரம் பேசுனீங்க. எதுங்க இந்தப் புஸ்தகத்துல பெரிய விசயம்? கதைங்களா, இல்ல அதை முன்னப் பின்ன அடுக்கி வெச்சதுங்களா?"

"அற்புதமான கேள்வி! அடுக்கு, அம்மா, அடுக்கு! கதை யாரிடமும் இருக்கும். அந்த அடுக்குத்தான் மேதைமை!"

"அப்படி அடுக்குன கையி நாளைக்கே உங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னா, என்ன குடுப்பீங்க?"

பூபதிராஜா கண்களை மூடினார். இப்படிப்பட்ட நேரத்தில் சிறிதாக எதையும் சொல்ல அவருக்கு வராது.

"என் உயிருக்கு உயிரான முன்னறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, நான் மாட்டுச்சாளையில் போய் உட்காருவேன். ஆயுள் முழுக்க! இந்தச் சபையே சாட்சி!"

கை தூக்கச் சொன்னார்கள். படத்துக்கு இந்துவும் இன்னும் சில பேரும் தூக்கினார்கள். புத்தகத்துக்குக் கூடமே தூக்கியது. யோகப்பிரியாவும் தூக்கினாள். பூபதிராஜா அதைப் பார்த்தார். பாவம், நல்ல பெண், தோல்வியை எவ்வளவு அழகாக ஏற்றுக்கொள்கிறாள்! வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு மசால் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அவர் முன்னறையில், வென்றவனுக்கே உரிய சாய்வில் சாய்ந்திருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. பசை வாளியோடு காளியாத்தாள். தையல் சட்டத்தோடு இந்து. வெறுங்கையோடு யோகப்பிரியா.

"என்ன, வழி தவறி வந்துட்டீங்களா? சாளை பின்னால."

"வழியெல்லாம் செரியாத்தானுங்க வந்திருக்கறோம்" என்றாள் யோகப்பிரியா. "அடுக்குன கை வந்தா ரூமைத் தர்றன்னீங்களே. கை வந்திருக்குதுங்க. மொத்தம் ஆறு."

பூபதிராஜாவுக்குப் புரியவில்லை. ஒரு வாரமாகவே அவருக்கு அது பழகியிருந்தது.

"அந்தப் புஸ்தகம் எங்ககிட்ட வந்தப்ப நூலெல்லாம் இத்துப் போயி, பாரம் பாரமா, தாளு தனித்தனியாக் கழண்டு கெடந்துச்சுங்க. அடியில தென்னை புஸ்தகமும் அதே மாதிரிக் கெடந்துச்சு. பக்க நம்பரைக் கரையான் தின்னு போட்டுது. எங்க மூணு பேருக்கும் தமிழ் செரியா வாசிக்க வராது. காளியாத்தாக்காதான் ஒரு வழி சொன்னாங்க."

காளியாத்தாள் பெருமையோடு முன்வந்தாள். "ஓட்டைய வெச்சு அடுக்குனமுங்க. பெரிய ஓட்டை முன்னால, சின்ன ஓட்டை பின்னால. கரையான் ஒரு பக்கமிருந்துதான தின்னுட்டுப் போகும்?"

"நடுவுலருந்தும் தின்னுருக்குதுங்க போல" என்றாள் இந்து.

பூபதிராஜா நாவலைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். அதியன் மறுபடியும் செத்தான்.

"அப்ப... குமுதினி..."

"அவ சொன்னது கிருஷி ஆபீஸ்காரங்க போட்ட தென்னை புஸ்தகத்துதுங்க."

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"மொதல்ல எங்களுக்கும் தெரியாதுங்க. நீங்க ரசம் சோறு திங்கறப்பச் சொன்னீங்களே, அப்பத்தான் தெரிஞ்சுது. சொல்லலாம்னு நெனச்சேன். ஆனா அதுக்கு முன்னாலயே நீங்க 'உனக்குச் சொன்னாப் புரியாது'ன்னுட்டீங்க."

அவர் நிமிர்ந்தார். படித்த மூளை ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டது. "ஆனா அது தப்பான அடுக்கு! தப்பா அடுக்குன கைக்கு நான் ஏன் ரூமைக் குடுக்கோணும்? அது மேதைமையே இல்ல!"

"செரிங்க" என்றாள் யோகப்பிரியா, அவர் அந்தச் சந்துக்குள் வருவார் என்று தெரிந்து அங்கேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தவள் போல. "தப்புன்னா, நேத்து மேடையில நீங்க பேசுனது முச்சூடும் தப்புங்க. புஸ்தகம் தோத்துப் போச்சு, படம் செயிச்சுது. பந்தயப்படி ரூமு எங்களுக்கு. செரியான அடுக்குத்தான்னா, அடுக்குன கைக்கு ரூமு. அதுவும் எங்களுக்குத்தான். தப்புங்களா, செரிங்களா? நீங்களே சொல்லுங்க. நீங்க படிச்சவுங்க."

பூபதிராஜா வலது பக்க ஜன்னலைப் பார்த்தார். இடது பக்க ஜன்னலைப் பார்த்தார். இரண்டு பக்கமும் காற்று வந்தது. ஒரு பக்கமும் வழி வரவில்லை.

"தப்புன்னு நீங்க சொல்றதா இருந்தா, ஜோமோன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் போடலாமுங்க" என்றாள் இந்து, உபகாரமாக. "ஆண்டு மலர்ல உங்க பிரசங்கத்தைப் போடப் போறாராம்."

"செரியான அடுக்கு" என்றார் பூபதிராஜா மெல்ல.

மத்தியானத்துக்குள் சாய்வு நாற்காலி சாளைக்குப் போய்விட்டது. செவலை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பசை இல்லாததால் ஆர்வம் இழந்தது. பூபதிராஜா அதன் பக்கத்தில் உட்கார்ந்து நாவலின் கடைசிப் பக்கத்தை எடுத்தார். கடுகளவு துளை வழியாக மாடு தெரிந்தது. 'அதியன் கதவைத் திறந்தான். அங்கே'.

பசைக்குத் தண்ணீர் எடுக்க வந்தாள் யோகப்பிரியா.

"அம்மணி... இதுக்கு அப்பறம் இருக்கற தாளெல்லாம் எங்க?"

அவள் செவலையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். செவலை நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப ஜோமோன்கிட்ட வேற காப்பி..."

"ஒரே காப்பிதானுங்க."

பூபதிராஜா நாவலை மூடி மடியில் வைத்தார்.

"படத்துல... அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?" என்று கேட்டார், மாட்டைப் பார்த்தபடி.

"உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க" என்றாள் அவள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம பகலாட்டத்துக்கு டிக்கெட் போட்டிருக்கறேன். உங்களுக்கும் சேத்தித்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூபதிராஜா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு செக்போஸ்டைக் கடந்தார். கடத்தல்காரன் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "அடடே, புஸ்தகம்தான் ஒசத்தின்னு பேசுனவரில்ல?" என்று வணக்கம் வைத்து அனுப்பினார். தியேட்டரில் விளக்கு அணைந்தது. அதியன் பிறந்தான். வளர்ந்தான். நிலாவுக்குப் போனான். பூபதிராஜா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் யோகப்பிரியா பாப்கார்னை நீட்டினாள். "எப்படீங்க இருக்குது?"

"புரியுது" என்றார் பூபதிராஜா, தோற்றுப்போன குரலில்.